பசியில்லாத பசி

வயிற்றுவலி என்றால் வாய்விட்டுச் சொல்லிவிடலாம். தலைவலி என்றால் பக்கத்து வீட்டு மதினியிடம் தைலம் வாங்கித் தேய்த்துக்கொள்ளலாம். ஆனால், ‘எனக்குப் பசியே இல்லை, ஆனாலும் கை நிற்காமல் தின்கிறேன்’ என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். ‘வாயைக் கட்டத் தெரியாதவள்’ என்று பட்டம் சூட்டிவிடுவார்கள். அதனாலேயே எத்தனையோ பெண்கள் இதை முந்தானையில் முடிந்த காசு மாதிரி ஒளித்து வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். நானும் அப்படி ஒளித்து வைத்திருந்தவள்தான். எனக்கு வயது 46. பத்தாவது வரை படித்தவள். வாழ்க்கைப்பட்ட ஊர் திருச்செந்தூர்.

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம், ஆவணித் திருவிழா, கந்த சஷ்டி என்று வருஷம் முழுக்க விசேஷம்தான். சொந்தக்காரர்கள் கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் தீர்த்தமாடி, முருகனைக் கும்பிட்டுவிட்டு நேரே நம் வீட்டுக்குத்தான் வருவார்கள். வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? கோவில்பட்டிக்காரர் கடலைமிட்டாய் கொண்டு வருவார். தூத்துக்குடிக்காரர் மக்ரூன். திருநெல்வேலிக்காரர் அல்வா. உடன்குடியிலிருந்து கருப்பட்டி. எல்லாம் போய்ச் சேருகிற இடம் அடுப்படியை ஒட்டிய சாமான் அறை. அந்த அறையின் சாவி என் இடுப்பில்.

பகலெல்லாம் நான் ஒழுங்காகத்தான் இருப்பேன். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்கார்ந்து, இரண்டு கரண்டிச் சோற்றோடு எழுந்துவிடுவேன். “ஏளா, இவ்வளவுதான் சாப்பிடுதியா? பொறவு உடம்பு மட்டும் எப்படித்தான் ஊதுதோ!” என்று அத்தை (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) கேலி செய்வார்கள். வீடு அடங்கி எல்லாரும் உறங்கிய பிறகுதான் என் கதை தொடங்கும். விளக்கைப் போடமாட்டேன். டப்பா மூடி சத்தம் போடாமல் திறக்கும் வித்தை கைக்குப் பழகியிருந்தது. நின்றபடியே தின்பேன். மக்ரூன் தீர்ந்தால் முறுக்கு. முறுக்கும் தீர்ந்தால் மத்தியானத்து மீதிச் சோறு. ருசியா? ருசி எங்கே தெரிந்தது! வயிறு வலிக்கும் வரை போகும். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துச் சத்தமில்லாமல் அழுகை. மறுநாள் காலையில் ‘இனிமேல் கிடையாது’ என்று பட்டினி கிடப்பேன். அந்தப் பட்டினியே ராத்திரி மறுபடி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

என் அம்மா இறந்த 2017-ம் வருஷத்தில் இது ஆரம்பித்தது. நாலு வருஷம் ஓடிவிட்டது. 2021-ல் ரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டு நின்றது. “இனிப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள்” என்றார் டாக்டர். நாலு நாள் கடற்கரையில் நடந்தேன். ஐந்தாம் நாள் ராத்திரி சாமான் அறைக்கு நடந்தேன்! அதைவிட மனதைச் சுட்டது என் மகள் கேட்ட ஒரு கேள்வி. அப்போது அவளுக்கு வயது 13. “அம்மா, நீ மட்டும் ஏன் எங்ககூட உக்காந்து சாப்பிடமாட்டேங்க?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் நர்ஸாக இருக்கிற என் அக்கா மகள் வந்திருந்தாள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். “சித்தி, இது உங்க குணம் இல்லை. இது ஒரு நோய். இதுக்குப் பேர்கூட இருக்கு” என்றாள். ஒரு பேர் இருக்கிறது என்று கேட்டதே எனக்குப் பாதி ஆறுதலாக இருந்தது.

நோய்க்கு ஒரு பெயர்

அவள் சொன்னதையும், பிறகு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். இதை ‘பிஞ்ச் ஈட்டிங்’ என்கிறார்கள். கட்டுக்கடங்காமல் உண்ணும் நோய் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1959-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப்பட்டியலில் இதைத் தனி நோயாகச் சேர்த்தது 2013-ல்தான். 54 வருஷம் காத்திருந்து வாங்கிய பெயர்!

விருந்தில் இரண்டு ஜாங்கிரி கூடச் சாப்பிட்டால் அது நோய் ஆகாது. கொஞ்ச நேரத்துக்குள் சாதாரணமாக ஒருவர் சாப்பிடுவதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுவது, நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் போவது, இதுதான் அடிப்படை. இதோடு, அவசர அவசரமாக விழுங்குவது, பசியில்லாமலே தின்பது, வயிறு வலிக்கும் வரை தின்பது, வெட்கப்பட்டு ஒளிந்து தின்பது, தின்ற பிறகு தன் மேலேயே அருவருப்பும் துக்கமும் வருவது, இவற்றில் மூன்றாவது இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதம் தொடர்ந்து இப்படி நடந்தால் டாக்டர்கள் இதை நோயாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்பதில்லை, ஒல்லியானவர்களுக்கும் வரும். ஆண்களுக்கும் வரும். பட்டினி கிடந்து உடம்பை இளைக்க வைக்க முயன்றால் இது குறையாது, கூடத்தான் செய்யும்.

“டாக்டரையும் பாருங்க. அதோட, உங்களை மாதிரி இருக்கிறவங்க கூடிப் பேசுற கூட்டம் ஒண்ணு இருக்கு. அதுலயும் சேருங்க” என்றாள் அக்கா மகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டமா? திருச்செந்தூரில் நான் தெருமுனையைத் தாண்டினாலே, ‘பாத்திரக்கடைக்காரர் வீட்டு அம்மா எங்கே போறாவ?’ என்று நாலு பேர் கேட்பார்கள். அங்கே போய் ‘நான் ராத்திரியில் திருடித் தின்கிறேன்’ என்று சொல்லவா? “போகவே வேண்டாம் சித்தி. போன்லயே நடக்குது. முகம் தெரியாது, முழுப்பேரும் கேட்க மாட்டாங்க” என்றாள்.

தொலைபேசியில் பிறந்த கதை

இந்தக் கூட்டங்களின் பூர்வீகத்தைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லாம் ஒரு தொலைபேசியில்தான் ஆரம்பித்திருக்கிறது!

1935-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊருக்கு வியாபார விஷயமாக வந்திருந்தார் பில் என்பவர். பெருங்குடிகாரராக இருந்து, குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றுவிட்டது. மனம் ஒடிந்து ஓட்டல் கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடம், சிரிப்பும் கும்மாளமும் கேட்கிறது. மறுபக்கம் ஒரு தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். அங்கே இருந்த பட்டியலைப் பார்த்து ஊரில் உள்ள தேவாலயங்களுக்குப் பேசி, ‘என்னைப் போல இன்னொரு குடிகாரரோடு நான் பேசியாக வேண்டும்’ என்று கேட்டார். அப்படித் தேடிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப். இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கியதுதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. நம் தமிழ்நாட்டிலும் ஊர் ஊராக இந்தக் குழுக்கள் இருப்பதும், அதில் சேர்ந்து மீண்ட குடும்பங்கள் இருப்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு 1958-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ரோசான் என்ற குடும்பத்தலைவி, சூதாட்டத்திலிருந்து மீள்கிறவர்களின் கூட்டம் ஒன்றுக்குப் போனார். அவருக்குச் சூதாட்டப் பழக்கம் கிடையாது. தெரிந்தவருக்காகத் துணைக்குப் போனவர். அங்கே அவர்கள் சொன்ன ஒளிவு, பொய், வெட்கம் எல்லாவற்றையும் கேட்கக் கேட்க, ‘இது என் கதை அல்லவா! சீட்டுக்குப் பதில் எனக்குச் சாப்பாடு!’ என்று அவருக்குப் பட்டது. 1960 ஜனவரியில் மூன்று பெண்கள் சேர்ந்து ‘ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்’ கூட்டத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்கு 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் அது இருக்கிறது. தொலைபேசிக் கூட்டங்கள் முன்பே உண்டு. 2020-ல் கொரோனா வந்து ஊரெல்லாம் அடங்கியபோது, நேரில் நடந்த கூட்டங்களும் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் மாறின. அதனால் எங்கோ மூலையில் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கும் கதவு திறந்தது.

கட்டணம் கிடையாது. விருப்பப்பட்டவர்கள் கொடுப்பதில்தான் நடக்கிறது. கட்டுப்பாடில்லாத உண்ணலை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், சேரலாம். கடவுளைப் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை. நான் முருகனை நினைத்துக்கொள்கிறேன்.

புரியாதவர்கள் கேட்ட தமிழ்

2021 ஆடி மாசம், ஒரு வியாழக்கிழமை ராத்திரி 9 மணி. பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். அக்கா மகள் எழுதிக் கொடுத்த எண்ணைப் போட்டு, கேட்ட குறியீட்டையும் அழுத்தினேன். ‘பேசாத நேரத்தில் நட்சத்திரக் குறியையும் 6-ஐயும் அழுத்தினால் நம் வீட்டுச் சத்தம் அங்கே கேட்காது’ என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் பயந்தது எங்கள் வீட்டு நாய்க்காக!

கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. நடுநடுவே இந்தியும் வந்தது. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் ஒரு பெண் பேசும்போது குரல் உடைந்து நின்றதே, அது முழுக்கப் புரிந்தது. இன்னொரு பெண், ‘ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்று தின்கிறேன்’ என்கிற மாதிரி சொன்னாள். ‘அடி பாவி, நீயுமா!’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நல்லவேளை, 6-ஐ அழுத்தியிருந்தேன்.

என் முறை வந்தது. “எனக்கு இங்கிலீஷ் வராது” என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். நடத்துகிற அம்மா, உங்கள் பாஷையிலேயே பேசுங்கள் என்றார்கள். மூன்று நிமிஷம் கிடைத்தது. அம்மா போன பிறகு வீட்டில் யாரிடமும் சொல்லாததை எல்லாம், எங்கள் ஊர்த் தமிழில், மொட்டைமாடியில் நின்று சொன்னேன். அங்கே பெரும்பாலோருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் ஒருவரும் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் நாலைந்து குரல்கள் ‘தேங்க் யூ’ என்றன.

அந்தக் கூட்டத்தின் விதியே அதுதான். ஒருவர் பேசும்போது இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. ‘நீ இப்படிச் செய், அப்படிச் செய்’ என்ற யோசனை கிடையாது. நம் வீடுகளில் பெண் வாயைத் திறந்தால் யோசனை சொல்ல ஒன்பது பேர் இருப்பார்கள். ‘ஓமத்தண்ணி குடி’, ‘வெந்தயத்தை முழுங்கு’, ‘வாயைக் கட்டு’ என்பார்கள். சும்மா கேட்க ஒருவர் இருப்பாரா? அன்றைக்கு எனக்கு அது கிடைத்தது. ராத்திரி சாமான் அறைப் பக்கம் கால் போகவில்லை. ஒரே ஒரு ராத்திரிதான். ஆனால் நாலு வருஷத்தில் அப்படி ஒரு ராத்திரியை நான் பார்த்ததில்லை.

தமிழ் தெரிந்த ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மதுரைப் பக்கத்து அக்கா. கூட்டம் முடிந்ததும், ‘என் நம்பரைத் தரட்டுமா தங்கச்சி?’ என்று கேட்டார்கள். இப்படி முன்னே போனவர் பின்னே வருகிறவருக்குக் கைகொடுப்பதை அவர்கள் ‘ஸ்பான்சர்’ என்கிறார்கள். நான் ‘வழித்துணை’ என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அடுப்படியை விட்டு ஓட முடியுமா?

அக்கா சொன்ன ஒரு விஷயம் என் மனதில் ஆணியடித்த மாதிரி நிற்கிறது. “தங்கச்சி, குடியை விட்டவர் சாராயக்கடைத் தெருவுக்கே போகாம இருந்துக்கலாம். நாம அப்படி முடியுமா? நாளைக்கு மூணு வேளை சாப்பிட்டாகணும், சமைச்சு மத்தவங்களுக்குப் போடவும் வேணும். அதனால சாப்பாட்டை விடுறது இல்ல நம்ம வேலை. அந்த வெறியை விடுறதுதான்” என்றார்கள்.

இன்ன உணவுதான் சாப்பிட வேண்டும் என்று அந்த அமைப்பு சொல்வதில்லை. அதை டாக்டரிடமோ உணவு ஆலோசகரிடமோ கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். தூத்துக்குடியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். மனதைப் பழக்குகிற பேச்சு சிகிச்சைக்கு இந்த நோயில் நல்ல பலன் இருப்பதாகச் சொல்லி, சில வாரங்கள் வரச் சொன்னார். ‘எந்த வேளையையும் விடாதீர்கள், முக்கியமாகக் காலைச் சாப்பாட்டை’ என்றார். இட்லி மூன்று, மத்தியானம் அளவாகச் சோறு, காய், மீன் குழம்பு, சாயங்காலம் சுண்டல், ராத்திரி தோசை இரண்டு. இதை முதல் நாளே எழுதி அக்காவுக்கு அனுப்பிவிடுவேன். அவர்கள் ‘சரி தங்கச்சி’ என்று மட்டும் பதில் போடுவார்கள். இதற்கா இவ்வளவு என்று தோன்றலாம். எழுதி ஒருவருக்கு அனுப்பிய பிறகு, இருட்டில் டப்பாவைத் திறக்கிற கைக்குத் தயக்கம் வந்துவிடுகிறது!

அந்த ஆசை எழும்பும்போது நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளச் சொல்வார்கள். பசியா? கோபமா? தனிமையா? அசதியா? பசி என்றால் சாப்பிடு. மற்ற மூன்றுக்கும் மக்ரூன் மருந்தல்ல. எனக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான் பதிலாக வந்தது. வீடு நிறைய ஆட்கள் இருக்கும் வீட்டில் தனிமையா என்று கேட்பீர்கள். இருக்கும் சகோதரிகளே, இருக்கும்.

மழை பிரித்த போனும் சேர்த்த பேச்சும்

வாரம் இரண்டு தடவை மாடிக்குப் போய்ப் போனில் பேசினால் வீட்டில் சந்தேகம் வராதா? வந்தது. “மாடியில யாருகிட்டளா குசுகுசுன்னு பேசுத?” என்று அத்தை கேட்டார்கள். உடம்புக்கான ஒரு கூட்டம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அத்தையிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சாமான் அறையை 30 வருஷம் ஆண்டவர்கள் அவர்கள் அல்லவா?

2023 டிசம்பர் 17. எங்கள் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாத நாள். பக்கத்தில் இருக்கிற காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. கரண்டு போயிற்று. போனும் போயிற்று. எங்கள் தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு. வீட்டுக்காரர் கடையில் மாட்டிக்கொண்டார். எங்கே இருக்கிறார், என்ன ஆனார் என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி. கூட்டம் இல்லை, அக்கா குரல் இல்லை. மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நான் எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை. சாமான் அறை வாசலில் நிற்கிறேன். கையில் சாவி.

“யாருளா அங்கன?” என்று இருட்டில் அத்தை குரல்.

“நான்தான் அத்தை.”

“இந்நேரத்துல என்ன செய்யுத?”

அப்போது என்னவோ, போனில் முகம் தெரியாதவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் தானாகத் திறந்துகொண்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர்கள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இறந்தது, ராத்திரித் தீனி, மாடிக் கூட்டம் எல்லாம். அத்தை குறுக்கே பேசவே இல்லை. கூட்டத்தின் விதியை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்கள். “ஒங்க மாமா போன வருசம் நானும் ராத்திரி பானைக்குள்ள கைய விட்டு கருப்பட்டிய எடுத்துக் கடிச்சிக்கிட்டுத்தான் உறங்குவேன். பகல்ல பத்து வீட்டு ஆச்சிமாரு வந்து ஆறுதல் சொன்னாவ. ராத்திரிக்கு யாரு இருக்கா?”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராத்திரிக்கு யார் இருக்கிறார்கள் என்ற அந்தக் கேள்விதானே இந்த நோய் முழுக்க!

“இனிமே ஒனக்கு அப்படி வந்துச்சின்னா என்னைத் தட்டி எழுப்பு. எனக்கு உறக்கமா வருது?” என்றார்கள். வீட்டுக்காரர் மறுநாள் சாயங்காலம் நனைந்த வேட்டியோடு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டுக்கு அந்த வெள்ளம் எடுத்துக்கொண்டதும் உண்டு, கொடுத்ததும் உண்டு.

இப்போது சாமான் அறைச் சாவி எங்கள் இருவருக்கும் பொதுவாக ஆணியில் தொங்குகிறது. வருகிற பலகாரத்தை அன்றைக்கே அக்கம்பக்கம் பங்கு போட்டுவிடுகிறோம். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு நான் விரதம் இருப்பதில்லை. டாக்டரிடம் கேட்டு, நேரத்துக்கு எளிய சாப்பாடாகச் சாப்பிட்டு, கோயிலுக்குப் போய்வருகிறேன். “முருகன் மனசைத்தாம்ளா பாப்பான், வயித்தை இல்ல” என்று அத்தையே பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான், மகள், அத்தை மூன்று பேரும் ஒன்றாக உட்காருகிறோம். மகள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

முழுக்கக் குணமாகிவிட்டதா என்று கேட்டால், அப்படிச் சொல்லமாட்டேன். வழுக்குகிற ராத்திரிகள் உண்டு. மறுநாள் பட்டினி கிடக்காமல் காலை இட்லியைச் சாப்பிட்டு, அக்காவுக்குப் போன் செய்துவிடுகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்திருக்கிறது. எடை கொஞ்சம்தான் குறைந்தது. ஆனால் இருட்டில் நிற்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. எனக்கு அதுவே பெரிது.

சேர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

முதலில் டாக்டரைப் பாருங்கள். கூட்டம் மருந்துக்கும் சிகிச்சைக்கும் துணைதான், மாற்று அல்ல. தின்றதை வாந்தி எடுக்கிற பழக்கமோ, நாள்கணக்கில் பட்டினி கிடக்கிற பழக்கமோ, சர்க்கரைக்கு ஊசி மருந்தோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. கூட்டத்தில் யாராவது இன்ன பண்டத்தை அடியோடு ஒதுக்கச் சொன்னாலும், அது உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்குக் கடுமையான தடையே மறுபடி வெறியைக் கிளப்பிவிடும்.

ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் இன்னொன்றைப் பாருங்கள். ஐந்தாறு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பேசியே ஆக வேண்டும் என்பதில்லை, கேட்டுக்கொண்டும் இருக்கலாம். படம் தெரிகிற கூட்டமானால் கேமராவை அணைத்து வைக்கலாம். முழுப்பெயர், வீட்டு விலாசம், போட்டோ, பாங்கி விவரம் எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பணம் கேட்டாலோ, மாத்திரையும் பவுடரும் விற்றாலோ, அது இந்த வகைக் கூட்டமே அல்ல. உடனே போனை வைத்துவிடுங்கள்.

அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும். மற்றவர் கதையை வெளியே சொல்லக் கூடாது, நம் கதையைச் சொல்லலாம். அதனால்தான் மதுரை அக்காவின் பெயரும் இதில் இல்லை, என் பெயரும் இல்லை.

கூட்டத்துக்குத் துணிவு வரவில்லை என்றால், 14416 என்ற எண்ணுக்காவது பேசுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. கைக்குழந்தையோடு ராத்திரி கண்விழித்து, அசதியில் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டு அழுகிற பெண் உங்களில் ஒருத்தியாக இருக்கலாம். உன்னை நீயே ‘தீனிப்பண்டாரம்’ என்று திட்டிக்கொள்ளாதே, தங்கச்சி. ஒரே ஒருவரிடமாவது வாயைத் திறந்து சொல். போனில் சொன்னாலும் சரி, பக்கத்து அறையில் உறக்கம் வராமல் படுத்திருக்கிற மாமியாரிடம் சொன்னாலும் சரி. இந்தப் பசி சோற்றால் அடங்குகிற பசி அல்ல. கேட்கிற காது ஒன்று கிடைத்தால் அது பாதி அடங்கிவிடுகிறது.